நாள் குறிப்பது குட்டிகள்

எங்கள் வீடு மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஐப்பசி மாதத்து ராத்திரி ஒன்றில் எங்கள் நாய் செவலி, பின்பக்கச் சாய்ப்பில் கிடந்த சாக்குகளைப் பிறாண்டிப் பிறாண்டி மூலையில் குவித்துக்கொண்டிருந்தது. மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. உடம்பு நடுங்கியது, மூச்சு வாங்கியது. அடுத்த வீட்டு மாமி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பட்டிக்கு நோவு தொடங்கியாச்சு. நீ சும்மா இரி மக்களே, அதுக்குத் தெரியும்" என்றார். எங்கள் பக்கம் பட்டி என்றால் நாய், நோவு என்றால் பிரசவ வலி.

மாமி சொன்னது பெரும்பாலும் சரி. ஏன் சரி என்பதற்கு நாயின் உடம்புக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

நாய்க்குக் கர்ப்பகாலம் 63 நாள் என்பார்கள். இணை சேர்ந்த தேதியிலிருந்து எண்ணிக் காலண்டரில் வட்டம் போட்டால் ஏமாறுவோம். நாயின் சினைமுட்டை வெளிவரும்போது முதிர்ந்திருக்காது; அதற்கு இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். ஆணின் விந்தணுவோ உள்ளே ஐந்து நாளுக்கு மேலும் உயிரோடு காத்துக் கிடக்கும். அதனால் சேர்ந்த நாள் வேறு, கரு உண்டான நாள் வேறு. முட்டை வெளிவந்த நாள் தெரிந்தால் 63 கணக்குச் சரியாக வரும். சேர்ந்த நாள் மட்டும் தெரிந்தால் 57 முதல் 72 வரை எந்த நாளும் ஆகலாம்.

அப்படியானால் நாளைக் குறிப்பது யார்? குட்டிகள்தான். அத்தனை நாளும் கருப்பையை அசையாமல் வைத்திருப்பது புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன். மனிதர்களில் சில வாரங்களுக்குப் பிறகு இதை நஞ்சுக்கொடியே சுரக்க ஆரம்பித்துவிடும். நாயில் கடைசி நாள் வரை சினைப்பைதான் சுரக்கும். குட்டிகள் முற்றி, உள்ளே இடம் நெருக்கடியானதும் அவற்றின் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது தாயிடம் புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு சுரப்பைத் தூண்டுகிறது. அது சினைப்பையில் நடக்கும் சுரப்பை நிறுத்திவிடுகிறது. கருப்பைக்குப் போட்டிருந்த பூட்டு திறந்துகொள்கிறது. வயிற்றில் ஒரே ஒரு குட்டி இருந்தால் இந்தச் சமிக்ஞை பலவீனமாகி, நாள் தள்ளிப்போய் ஆபத்தில் முடிவதும் உண்டு. 55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்துக் குட்டிகளை எண்ணிவிடுவது நல்லது. நான் எடுக்கவில்லை, சோம்பல்தான்.

புரோஜெஸ்ட்ரோனுக்கு இன்னொரு குணம், உடம்பின் சூட்டைச் சற்று ஏற்றியே வைத்திருக்கும். அது சட்டென்று இறங்கும்போது சூடும் இறங்கும். வழக்கமாக 101, 102 டிகிரி பாரன்ஹீட் காட்டும் தெர்மாமீட்டர் அன்றைக்கு 99க்குக் கீழே வரும். அதிலிருந்து பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் நோவு கண்டுவிடும். மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி மலவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இறக்கம் சில மணி நேரம்தான் நிற்கும் என்பதால் கடைசி வாரத்தில் காலையும் மாலையும் பார்த்தால்தான் பிடிபடும்.

பிரசவத்தின் முதல் கட்டம் செவலி செய்த அந்தப் பிறாண்டல்தான். கருப்பையின் வாய் மெல்லத் திறக்கிறது. வெளியே முக்கல் எதுவும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம், தலைப்பிரசவமானால் ஒரு நாள்கூட ஆகலாம். இந்த நேரத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் நாய்க்குப் பயம் வரும். பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். அட்ரினலின் கருப்பைத் தசையைத் தளர்த்தி நோவையே நிறுத்திவிடும். மாமியின் "சும்மா இரி"க்கு உள்ள அறிவியல் இது.

நாயின் கருப்பை கவட்டைக் குச்சி மாதிரி இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலும் இந்தக் கிளையிலிருந்து ஒன்று, அந்தக் கிளையிலிருந்து ஒன்று என்று குட்டிகள் மாறி மாறி வரும். குட்டி பிறப்புவழியை அழுத்தும்போது மூளைக்குச் சேதி போய் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது கருப்பையை இன்னும் இறுக்குகிறது, குட்டி இன்னும் அழுத்துகிறது. பிறந்த குட்டி முலையைச் சப்பினாலும் அதே ஹார்மோன்தான் வரும். அதனால் முதல் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வைக்காதீர்கள். அது பால் குடிப்பதே அடுத்த குட்டிக்கு வழிவிடும். பத்தில் நான்கு குட்டி பின்னங்கால் முன்னால் வரும். நாய்க்கு அது சாதாரணம்.

முதல் குட்டி வந்ததும் அதோடு கரும்பச்சையாக ஒரு திரவம் கொட்டியது. நான் பயந்தே போனேன். நாயின் நஞ்சுக்கொடி ஓரத்தில் ரத்தம் தேங்கி, அதிலுள்ள ஹீமோகுளோபின் சிதைந்து பச்சை நிறமி ஆகிறது. கொடி கழன்றால் அந்தப் பச்சை வெளியே வரும். முதல் குட்டிக்குப் பின் அது வந்தால் கவலையில்லை. ஒரு குட்டியும் பிறக்காமலே பச்சை மட்டும் வந்தால், உள்ளே ஒரு குட்டிக்குக் கொடி பிரிந்துவிட்டது, அதற்குக் காற்று கிடைக்கவில்லை என்று பொருள். உடனே வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

பனிக்குடப் பையைத் தாயே கிழித்து, கொடியைக் கடித்து, குட்டியை நக்கும். அந்த நக்கல்தான் குட்டியை மூச்சுவிடத் தூண்டுவது. தாய் கவனிக்காமல் விட்டால் மட்டும் நாம் பையைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, பழந்துணியால் முதுகை நன்றாகத் தேய்க்க வேண்டும். குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசும் பழக்கம் சிலரிடம் உண்டு. மூளையில் ரத்தக்கசிவு வரக்கூடும், வேண்டாம்.

மற்றபடி நம் வேலை கடிகாரம் பார்ப்பது. ஒவ்வொரு குட்டிக்கும் நேரம் எழுதி வையுங்கள். பலமாக முக்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லை, அல்லது இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரமாக ஒன்றும் நடக்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர் நாகர்கோவில் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் அதையும் கணக்கில் சேர்த்து முன்கூட்டியே கிளம்ப வேண்டும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிரசவத்தை நினைக்கவே வேண்டாம் என்பேன். குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு சிறிது. யாரோ சொன்னார்கள் என்று ஆக்சிடோசின் ஊசியை வாங்கி நீங்களே போடுவதும் கூடாது. வழி அடைபட்டிருக்கும்போது கருப்பையை இறுக்கினால் அது கிழியும்.

குட்டிகளை அதிகம் பலிவாங்குவதில் ஒன்று குளிர். "நம்ம ஊரில் எங்கே குளிர்" என்று கேட்கலாம். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கும் கன்னியாகுமரி மாவட்டம் இது. ஈரச் சிமெண்ட் தரை போதும். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. சுற்றிலும் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். குளிர்ந்துபோன குட்டியின் குடல் வேலை செய்யாது. அதற்குப் பால் புகட்டினால் பால் உள்ளே தங்கிக் கெடும், புரையேறவும் செய்யும். முதலில் சூடு, அப்புறம் பால். அன்றைக்குக் கரண்ட் போய்விட்டதால் வெந்நீர் பாட்டில்களைப் பழைய சாரத்தில் (லுங்கியில்) சுற்றி வைத்தேன். குட்டிகள் கிடக்கும் பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் சூடு போதும். புழுங்கினால் குட்டி நகர இடம் வேண்டும்.

சீம்பாலை முதல் நாளே குடித்தாக வேண்டும். நாய்க்குட்டிக்கு நோய் எதிர்ப்புப் பொருள் கொடி வழியாகக் கொஞ்சமே வரும், மிச்சமெல்லாம் சீம்பாலில்தான். ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உள்ளே விடாது.

கர்ப்பத்தில் கால்சியம் மாத்திரை கொடுப்பது பலரும் அன்போடு செய்யும் தப்பு. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் பாராதைராய்டு சுரப்பி, வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் சோம்பிவிடும். குட்டிகள் நிறையப் பால் குடிக்கும் வாரங்களில் ரத்தத்தில் கால்சியம் திடீரென விழுந்து, தாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரும். குட்டி போட்ட முதல் நான்கு வாரத்தில் தாய் விறைத்து நடந்தாலோ நடுங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

செவலி ராத்திரி பதினொன்றிலிருந்து நாலரைக்குள் ஆறு குட்டி போட்டது. அதன்பின் அமைதியாகப் படுத்துவிட்டது. நான் கட்டன்சாயா போடப் போனேன். மழை விட்டிருந்தது. மாமி வேலியோரம் வந்து "எத்தனை?" என்றார். ஆறு என்றேன். எட்டிப் பார்த்து எண்ணிவிட்டு, "ஏழுல்லா கிடக்கு" என்றார். கடைசிக் குட்டியை நக்கித் துடைத்து முலையில் சேர்த்திருந்தது செவலி. என் நோட்டில் ஏழாவதற்கு மட்டும் நேரம் எழுதவில்லை.