முதல் டிராக்டர் வாங்கும் முன் தண்ணீரை எடை போடுங்கள்

"சார், எத்தனை எச்.பி. வாங்கலாம்?"

பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வந்திருந்த தம்பி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைக் கேட்டார். வளைகுடாவில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம். 60 ஆடுகள், 4 கறவை மாடுகள், மூன்று ஏக்கர் மணற்பாங்கான நிலம். கையில் நான்கு கம்பெனிகளின் வண்ண நோட்டீஸ்கள்.

"ஆடு மாடுகளுக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். டிராக்டர் பற்றிப் பேச வந்தவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டதில் சற்றுத் திகைத்துத்தான் போனார்.

தொண்டி முதல் சாயல்குடி வரை, இந்த இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் சிறு பண்ணைகளுக்கு இயந்திரம் தேர்ந்தெடுக்க உதவும் வேளாண் பொறியாளர் நான். கால்நடை வளர்ப்பவருக்கு இங்கே உழவு என்பது ஆண்டில் சில நாள் வேலை. அதை வாடகை வண்டியே முடித்துவிடும். மீதி நாட்களில் டிராக்டர் செய்வது மூன்று வேலைகள்: தண்ணீர் சுமப்பது, தீவனம் கொண்டுவருவது, எரு அள்ளிப்போவது. இவற்றில் எடை மிகுந்தது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில், ஊருணிக்கோ தொலைவில் இருக்கும் நல்ல கிணற்றுக்கோ தினமும் போய்வர வேண்டியிருக்கிறது.

அதனால் நோட்டீஸ்களை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போட்டோம். வெயில் காலத்தில் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால் 60 ஆடுகளுக்கு 300 லிட்டர். கறவை மாட்டுக்கு 70 லிட்டர் என்றால் நான்குக்கும் 280 லிட்டர். தொழுவம் கழுவ உப்புத் தண்ணீர் போதும். ஆக, சுமந்துவர வேண்டிய நல்ல தண்ணீர் நாளைக்கு 600 லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது. தம்பியின் மனதில் இருந்ததோ 3,000 லிட்டர் டேங்கர். பக்கத்து ஊரில் ஒருவர் வைத்திருக்கிறாராம்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 3,000 லிட்டர் டேங்கரில் தண்ணீர் மட்டும் 3 டன். இரும்பின் எடையையும் சேர்த்தால் நான்கு டன்னை நெருங்கும். 20 முதல் 30 எச்.பி. வரையிலான சிறிய டிராக்டர்களில் பலவற்றின் எடை ஒரு டன்கூட இராது. 800 கிலோ டிராக்டர் அந்த டேங்கரைச் சமதளத்தில் முதல் கியரில் இழுத்துக் காட்டிவிடும். விற்பவரும் அதைத்தான் காட்டுவார். இறக்கத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. சிறிய டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களில் மட்டும்தான். டேங்கருக்குப் பிரேக்கே கிடையாது. மிதித்ததும் சக்கரம் நின்றுவிடும். பின்னால் வருகிற நான்கு டன் நிற்காது.

ஓர் ஊருணிக் கரையில் இதை நேரில் பார்த்தேன். நான் போனபோது வண்டியை இன்னும் எடுக்கவில்லை. கரையிலிருந்து இறங்கும் சரளைப் பாதையில், பின்சக்கரங்கள் உருளாமல் இழுபட்டுப்போன இரண்டு வழவழப்பான கோடுகள். அவை முடிகிற இடத்தில் டிராக்டர் கத்தரிக்கோல் போல மடங்கி, டேங்கருக்குப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. டேங்கரின் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டியவருக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. அன்று அவர் பாதி டேங்கர்தான் நிரப்பியிருந்தார். சுமை குறைவு என்று நம்பியிருக்கிறார். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத தொட்டியில் பாதித் தண்ணீர் முன்னும் பின்னுமாக அலையடிக்கும். பிரேக் பிடித்த நேரத்தில் அந்த அலை முழுதாக முன்னுக்கு வந்து வண்டியைத் தள்ளிவிட்டது.

டிராக்டர்க் கையேடுகளில் இதற்கு ஒரு விதி உண்டு. பிரேக் இல்லாத டிரெய்லரின் எடை, சுமையோடு சேர்த்து, டிராக்டர் எடையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. வேகமும் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 800 கிலோ வண்டிக்கு 1,200 கிலோ. 350 கிலோ டிரெய்லரில் 750 லிட்டர்த் தொட்டி வைத்தால் 1,100 கிலோதான் வருகிறது. தம்பியின் 600 லிட்டர்த் தேவைக்கு ஒரு நடை போதும். இந்தக் கணக்கு முடிந்ததும் அவர் நோட்டீஸ்களைத் திருப்பி, எச்.பி. அச்சிட்டிருந்த பக்கத்தை விட்டுவிட்டு எடையைத் தேட ஆரம்பித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கரையேறி இறங்கும் பாதையுள்ளவர்கள் இந்த ஒன்றரை மடங்கையும் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணல். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, இந்த மணலில் கொடுக்கலாம் என்றே சொல்வேன். வடக்கே திருவாடானைப் பக்கத்துக் களிமண்ணில் ஐப்பசி மழைக்குப் பிறகும் அது கைகொடுக்கும். ஆனால் அந்த வண்டியும் சில நேரம் புதையத்தான் செய்யும். அப்போது இழுக்க வரும் வண்டியில் சங்கிலியை டாப் லிங்க்கிலோ (பின்னால் கருவி மாட்டும் மேல் கம்பி) அச்சிலோ உயரமாகக் கட்டி முடுக்கிவிடாதீர்கள். பின்சக்கரம் அசையாமல் நிற்க, முன்பகுதி மேலெழுந்து வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாந்துவிடும். ஒன்றரை விநாடிகூட ஆகாது; குதிக்க நேரம் இருக்காது. இழுப்பது எதுவானாலும் கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். புதைந்த வண்டியை, போன தடத்திலேயே பின்பக்கமாக இன்னொரு வண்டியை வைத்து இழுங்கள்.

வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காப்பாற்றும் இரும்புச் சட்டம் பொருத்திய வண்டியையே கேளுங்கள். கொட்டகைக் கூரை தாழ்வாக இருந்தால் மடக்கும் சட்டம் வாங்கலாம். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம். மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது. வண்டி கவிழ்ந்தால் பெல்ட்டே ஆளை அடியில் பிடித்து வைத்துவிடும். வாங்கும் முன் உங்கள் பட்டி வாசலையும் அளந்துவிடுங்கள்.

டிராக்டர் எஞ்சினின் விசையை மற்ற இயந்திரங்களுக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. புல் நறுக்கும் இயந்திரத்தை டிராக்டரில் ஓட்டினால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். விநாடிக்கு 9 சுற்று. 7 சென்டிமீட்டர் குறுக்களவு என்றால், கைலி நுனி ஒன்று மாட்டினால் போதும், விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் துணியைச் சுருட்டும். நம் கை இழுத்துக்கொள்வதற்குள் கைலி முழுதும் போய்விடும்; அதற்குப் பிறகு போவது கால். உடைந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற பண்ணைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். உறை இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். கைலி, துண்டு, துப்பட்டா அணிந்தவர் அருகே வரக் கூடாது. உண்மையில் 60 ஆடுகளுக்குத் தீவனம் நறுக்க 2 எச்.பி. மின்மோட்டார் போதும். மின்சாரம் இருக்கிற இடத்தில் அந்த வேலையை டிராக்டருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கடலோரத்தில் டிராக்டருக்கு ஆயுள் குறையக் காரணம் உப்பு. அதைக் காற்று பாதி கொண்டுவருகிறது, நாம் பாதி ஊற்றுகிறோம். ஏர்வாடி அருகே ஒரு வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். வாய் விளிம்பில் விரல் தடிமனுக்கு வெள்ளையும் துருவுமாகப் படிவு. நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. தண்ணீர் குறையும்போதெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். காய்ச்சி வடித்த நீரும் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவமும் தவிர வேறெதுவும் அதற்குள் போகக் கூடாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி, கிரீஸ் வைத்து, பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள்.

கால்நடை மருத்துவரான என் நண்பர் எப்போதும் வற்புறுத்தும் ஒன்றை இங்கே சேர்க்க வேண்டும். எத்திலீன் கிளைகால் கலந்த கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. தரையில் சிந்தினால் ஆடும் நாயும் நக்கிவிடும். பழைய பேட்டரியைத் தொழுவத்தின் மூலையில் போட்டுவைத்தால், மாடு அதிலுள்ள ஈயத்தை நக்கி, கண் தெரியாமல் சுவரில் முட்டி, வலிப்பு வந்து சாகும். பேட்டரியை மாற்றும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. ஆனால் இந்தக் கரையில் அது முன்பு என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். கடலுக்குள் இறங்கி வள்ளம் இழுத்த வண்டியும் உப்பளத்தில் ஓடிய வண்டியும் புதிதாகப் பெயின்ட் அடித்து விற்பனைக்கு வருகின்றன. கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கால் வைக்கும் தகட்டின் அடியில் சுத்தியலால் தட்டினால், துருவேறிய இரும்பின் மங்கிய ஓசை தெரியும்.

பணத்தைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. விலைப்பட்டியலில் அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மானியம் எதிர்பார்ப்பவர்கள் முதலில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். வாங்கிவிட்டுப் போய் நிற்காதீர்கள். கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் ஓர் ஆண்டு வாடகை வண்டிக்குக் கொடுத்த தொகையை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அது ஆண்டுத் தவணையில் பாதிகூட வரவில்லை என்றால் வாடகையிலேயே தொடருங்கள்.

தம்பியும் அப்படியே எழுதிவந்தார். ஆறு மாதம் எழுதியதுமே விடை கிடைத்துவிட்டது. ஏறக்குறைய தினமும் வாடகை வண்டி தேவைப்பட்டது தெரிந்தது. பிறகு இரண்டு கம்பெனிக்காரர்களைத் தன் தோட்டத்துக்கே வண்டி கொண்டுவரச் சொல்லி, 750 லிட்டர்த் தொட்டியை நிரப்பி மாட்டி, ஊருணிக் கரையில் ஏறி இறங்கி, நடுச்சரிவில் பிரேக் பிடித்துப் பார்த்தார். முதல் வண்டி நான்கடி சறுக்கியது. இரண்டாவது வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அதையே வாங்கிவிட்டு, பட்டி வாசலை ஓரடி அகலப்படுத்தப் போவதாகப் போனில் சொன்னார்.