கால் மில்லிமீட்டரில் இருக்கிறது தெளிவு

38 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட பழைய பிலிம் கேமரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொலைதூர மலையைத் தெளிவாகக் காட்டும் குவியம், கேமராவிலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவரின் முகத்துக்கு மாற, அதன் லென்ஸ் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தால் போதும். 6 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் குவிப்பதில் லென்ஸ் நிலையின் வேறுபாடு வெறும் கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டரை, தொலைவே தெரியாமல் ஓர் இயந்திரம் எப்படிக் கண்டுபிடித்தது?

தானே குவியம் பிடிக்கும் ஆட்டோஃபோகஸுடன் பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் கேமரா, 1977-ல் வெளியான கோனிகா சி35 ஏஎஃப். இரண்டு சிறு சன்னல்கள் வழியே ஒரே காட்சியைப் பார்த்து, இரு பிம்பங்களும் பொருந்தும் நிலையை அது தேடியது. மங்கிய வெளிச்சத்திலும் வெற்றுச் சுவரின் முன்னாலும் திணறியது. ஒப்பிடுவதற்கு அங்கே எதுவும் இல்லையே!

1979-ல் வந்த கேனன் ஏஎஃப்35எம், காட்சிக்காகக் காத்திராமல் தானே அகச்சிவப்புக் கதிரை அனுப்பியது. ஒரு சன்னலிலிருந்து கிளம்பும் கதிர் எதிரே நிற்பவர் மீது பட்டுச் சிதறும். சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு சன்னலில் உள்ள உணரி அதைப் பிடிக்கும். திரும்பி வரும் கோணம்தான் தொலைவைச் சொல்கிறது. சன்னல்களுக்கிடையே 5 சென்டிமீட்டர் இருந்தால், ஒரு மீட்டரில் கோணம் ஏறக்குறைய 3 டிகிரி. 10 மீட்டரில் 0.3 டிகிரி.

என்னை வியக்கவைப்பது இந்த இடம்தான். தொலைவு கூடக் கூட, கோணத்தின் மாற்றம் சுருங்கிக்கொண்டே போகிறது. லென்ஸ் நகர வேண்டிய அளவும் அதே விகிதத்தில் சுருங்குகிறது! அளவீடு எங்கே தடுமாறுமோ, அங்கே லென்ஸுக்குத் தொலைவு துல்லியமாகத் தெரியத் தேவையே இல்லை. போதாக்குறைக்கு, எஃப் 2.8 என்ற அகலமான லென்ஸ் துவாரத்திலேயே 3 மீட்டரில் குவித்த படம் சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டர் வரை தெளிவாகவே தெரியும். சிறு பிழைகள் அதற்குள் மறைந்துவிடுகின்றன.

கதிர் திரும்பி வராவிட்டால் எதிரே வெகுதொலைவு என்று கொண்டு லென்ஸ் முடிவிலியில் நிற்கும். வானத்துக்கு அது சரி. ஒளியை விழுங்கும் கறுப்புக் கம்பளி உடுத்தியவர் அருகில் நின்றாலும் அதே முடிவுக்கு வந்துவிடக்கூடும். அறையின் கண்ணாடிச் சன்னலோ கதிரைக் கேமராவுக்கே திருப்பி அனுப்பி, வெளியே உள்ள மலையை மங்கலாக்கிவிடும்.

அடிக்கடி ஏமாற்றுவது இரண்டு பேர் சேர்ந்து நிற்கும் படம். கதிர் நடுவே உள்ள இடைவெளியில் நுழைந்து பின்சுவரைத் தொடும். ஒருவர் முகத்தை நடுச்சட்டத்தில் வைத்து ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். குவியத்தைப் பூட்டும் வசதி உள்ள கேமராவாக இருந்தால், விரலை எடுக்காமல் சட்டத்தை நகர்த்தி, பிறகு முழுதாக அழுத்தலாம்.