"எனக்கு எதுவும் வேண்டாம் டாக்டர்"

எண்பதைத் தாண்டிய ஒருவருக்குப் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்தால், பேச்சு பெரும்பாலும் மகனுக்கும் டாக்டருக்கும் இடையில்தான் நடக்கிறது. பெரியவரிடம் கேட்டால் "எனக்கு எதுவும் வேண்டாம்" என்பார். குடும்பம் பதறும். சில டாக்டர்கள் "அப்புறம் உங்க இஷ்டம்" என்று ஃபைலை மூடிவிடுவார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். சிகிச்சை வேண்டாம் என்றவருக்கும் வைத்தியம் உண்டு.

முதலில், எது வேண்டாம் என்று கேட்க வேண்டும். மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஒரு விவசாயியிடம் கேட்டேன். "விதையை எடுத்துருவாங்களாமே தம்பி, இந்த வயசுல அந்த அசிங்கம் எதுக்கு?" என்றார். இந்தப் புற்றுநோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனைக் குறைக்கத்தான் விரைகளை எடுப்பார்கள். 3 மாதத்துக்கு ஒரு ஊசியிலும் அதே பலன் கிடைக்கும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அசதி, உடம்பில் திடீர்ச் சூடு, எலும்புத் தேய்மானம் ஆகியவை வரலாம் என்பதையும் சொன்னேன். யோசித்துவிட்டு ஊசிக்குச் சம்மதித்தார். கேட்டபிறகும் மறுப்பவர்கள் உண்டு. அது அவர்கள் உரிமை.

மறுப்பது எப்போதும் அசட்டுத்தனமும் அல்ல. பிரிட்டனில் 50 முதல் 69 வயது வரையிலான 1,643 பேரிடம் நடந்த ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023இல் வந்தது. ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 2 முதல் 3 சதவீதம்தான். ஆனால் ஆய்வில் சேர்ந்தபோது அவர்கள் யாருக்கும் புராஸ்டேட்டைத் தாண்டி நோய் பரவியிருக்கவில்லை. எலும்புக்குப் பரவியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது பி.எஸ்.ஏ. (இந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனை) எண்ணைவிட ஆளைத்தான். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கலாம்; காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடையே போய்விடும். சிறுநீர் அடைத்தால் டியூப் போட்டுவிடலாம். கால் வீக்கம், வாந்தி, சிறுநீர் குறைவது எல்லாம் கிட்னி அடைபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை அந்தக் கிட்னியை இன்னும் கெடுக்கும்.

எலும்பு வலிக்கு ஒரே ஒருமுறை தரும் கதிர்வீச்சு பலருக்கு நல்ல நிம்மதி தருகிறது. மார்ஃபின் என்றால் குடும்பங்கள் பயப்படுகின்றன. சரியான அளவில் கொடுத்தால் அது நல்ல மருந்து. கூடவே மலச்சிக்கலுக்கும் மாத்திரை வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலி தணிக்கும் பராமரிப்புக்கு நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெரியவர் எதை மறுத்தார், எதற்குச் சம்மதித்தார் என்று ஓ.பி. நோட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் முன்பின் தெரியாத ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், டியூட்டி டாக்டருக்கு அந்த ஒரு பக்கம் போதும். பெரியவர் மனம் மாறினால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.