மூடாத வாயில்: காலரா நச்சு குடலில் செய்யும் வேலை

வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றுதானே, காலரா மட்டும் ஏன் அரை நாளில் ஆளைச் சாய்க்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கிருமி கக்கும் நச்சுதான் காரணம். 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைக் கிருமி நீங்க வடிகட்டி, முயலின் சிறுகுடலில் இரு பக்கமும் கட்டிய துண்டுக்குள் செலுத்தினார். உள்ளே நீர் கோத்துக் குடல் உப்பியது. கிருமி இல்லாமலே, அது கக்கிய நச்சு மட்டுமே இதைச் செய்தது. பெரிய கருவி எதுவும் கேட்காத சோதனை. அடிப்படை ஆய்வுக்குக் காசு ஒதுக்கத் தயங்குபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இந்த நச்சுக்கு ஆறு துண்டுகள். ஐந்து துண்டுகள் வளையமாக நின்று குடற்சுவர்ச் செல்லின் மேலுள்ள ஜிஎம்1 மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். ஆறாவதன் ஒரு பகுதி உள்ளே போய், ஜி புரதம் என்கிற சுவிட்சில் சின்ன வேதித்துணுக்கு ஒன்றை ஒட்டிவிடும். வழக்கமாக அந்தச் சுவிட்ச், தன்னை இயக்கும் ஜிடிபி என்கிற மூலக்கூறை உடைத்துத் தானே அணைந்துவிடும். துணுக்கு ஒட்டிய பிறகு உடைக்க முடியாது, அணையவும் முடியாது. செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்கிற சமிக்ஞை மூலக்கூறு குவிகிறது, செல்லிலிருந்து குடலுக்குள் குளோரைடு வெளியேறும் வாயில் திறந்தபடியே நிற்கிறது. குளோரைடைத் தொடர்ந்து சோடியம், பின்னாலேயே தண்ணீர். கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். இத்தனைக்கும் செல் சாவதில்லை, குடற்சுவர் கிழிவதில்லை. அதனால்தான் ரத்தம் இல்லாமல் அரிசி களைந்த தண்ணீர் போலப் போகிறது.

இங்கேதான் உயிர் பிழைக்கும் வழியும் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் உள்ளே இழுக்கும் இன்னொரு வாயிலை இந்த நச்சு தொடுவதே இல்லை. வாய்வழி கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் நுழைவது அதன் வழியாக: ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் கரைசல் அடர்த்தியாகி, குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். பேதி நிற்கும்வரை தண்ணீரே கொடுக்காதே என்பது ஆளைக் கொல்லும் மூடநம்பிக்கை.

சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாக் கிருமியும், ஈ.கோலை என்கிற குடல் கிருமியின் சில வகைகளும் சுரக்கும் ஷிகா நச்சின் வழி வேறு. செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்என்ஏவிலிருந்து அடினின் என்கிற ஒரே ஒரு துணுக்கைப் பிய்த்தெடுக்கும். புரத உற்பத்தி நின்று செல் செத்துவிடும். சிறுநீரகத்தின் நுண் ரத்தக்குழாய்கள்வரை சேதமாகும். இதைச் சுரக்கும் ஈ.கோலை வகையில், சில ஆன்டிபயாடிக்குகள் கிருமிக்குள் உறங்கும் வைரஸை எழுப்பி நச்சைப் பெருக்கிவிடும். ரத்தம் கலந்து போனாலோ சிறுநீர் குறைந்தாலோ, நாமாக மாத்திரை வாங்கிப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.