வெயில் தாழ்ந்ததும் பாயும் குட்டி

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு அந்த நேரம் தெரியும். வெயில் தாழ்ந்து கடல்காற்று தெருவுக்குள் வந்திருக்கும். அதுவரை திண்ணையோரம் சுருண்டு கிடந்த நாலு மாதக் குட்டி எழுந்து உடம்பை ஒரு தடவை உதறும். அப்புறம் காதைப் பின்னால் மடித்து, பின்பக்கம் தரையில் உரசுகிற அளவுக்கு இறங்க, ஒரே பாய்ச்சல். பனைமரத்தைச் சுற்றும், காயப்போட்ட வலையைத் தாண்டும், வேலி வரை போய் சறுக்கித் திரும்பும், நம் காலுக்கு நடுவே புகுந்து மறுபடி ஓடும். இரண்டு மூன்று நிமிடத்தில் பொத்தென்று படுத்து மூச்சு வாங்கும்.

எங்கள் வீட்டுக் குட்டி இப்படி ஓடியதைப் பார்த்த பக்கத்து வீட்டு அப்பத்தா, "ஏத்தா, குட்டிக்கு வெறி கிறி புடிச்சிருச்சா?" என்று கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. ரேபிஸ் இன்னும் ஆட்களைக் கொல்லும் நாட்டில்தான் இருக்கிறோம். அதனால் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ரேபிஸ் கண்ட நாயின் போக்கு நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும். விழுங்க முடியாமல் எச்சில் வழியும், குரைக்கும் குரல் மாறும், பின்னங்கால் தள்ளாடும், சீண்டாமலே கடிக்கும், சில நாட்களில் இறந்துவிடும். விளையாட்டு ஓட்டம் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். முடிந்ததும் குட்டி பழைய குட்டிதான்: கூப்பிட்டால் வரும், தண்ணீர் குடிக்கும், சோறு தின்னும். இருந்தாலும் ஓடுகிற வேகத்தில் குட்டியின் பல் நம் தோலில் கீறுவது சகஜம். அதை விளையாட்டுக் கீறல் என்று விட்டுவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ரேபிஸ் ஊசி. இதில் தள்ளிப்போட எதுவும் இல்லை.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். நாய் வளர்ப்பவர்கள் இதை 'ஜூமீஸ்' என்கிறார்கள், ஆய்வாளர்கள், ஒழுங்கில்லாமல் திடீரென்று வரும் பரபரப்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி 'ஃபிராப்' என்கிறார்கள். நாய்க்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை இது. பிறந்து சில வாரமான வெள்ளாட்டுக்குட்டி காரணமே இல்லாமல் பக்கவாட்டில் துள்ளுவதையும், கன்றுக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றுவதையும் கிராமத்தில் பார்க்காதவர் யார்? பாலூட்டிகளின் இளம் பருவத்தில் பரவலாகக் காணப்படும் விளையாட்டு வகை இது.

குட்டி விளையாடுகிறதா, மிரண்டு ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அதன் முன்னங்காலைப் பாருங்கள். ஓட்டத்துக்கு நடுவில் சட்டென்று நின்று, முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தை மேலே தூக்கினால் அது விளையாட்டு அழைப்பு. அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப் இந்த வணக்கத்தைப் பல ஆண்டுகள் கவனித்தவர். கடித்து உலுக்குவது போன்ற, எதிராளி சண்டை என்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடிய செயல்களுக்குச் சற்று முன்னாலும் பின்னாலும் நாய்கள் இப்படி வணங்குவது அதிகம் என்று 1995-இல் எழுதினார். அடுத்து வருவது விளையாட்டுத்தான், கோபப்படாதே என்று குட்டி முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறது. மிரண்ட குட்டி இப்படி வணங்காது. வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு ஒளிய இடம் தேடும்.

இந்த உந்துதல் மூளையில் எங்கிருந்து வருகிறது? இதற்கான சான்றுகளில் முக்கியமானவை எலிகளிடம் கிடைத்தவை. நரம்பியலாளர் யாக் பாங்க்செப், பாலூட்டிகளின் மூளையில் விளையாட்டுக்கென்றே ஒரு உணர்ச்சிச் சுற்று இருக்கிறது என்று வாதிட்டவர். பிறந்தவுடன் பெருமூளைப் புறணி நீக்கப்பட்ட எலிக்குட்டிகளும் கட்டிப்புரண்டு விளையாடத்தான் செய்தன என்று 1994-இல் அவருடைய குழு காட்டியது. விளையாட்டின் வேர், யோசிக்கும் மேல்பகுதியில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் பழைய பகுதிகளில் இருக்கிறது என்பது அதன் பொருள். இன்னொன்றும் அவருடைய சோதனைகளில் தெரிந்தது. சில மணி நேரம் தனியே அடைத்து வைத்த எலிக்குட்டிகளை மறுபடி சேர்த்துவிட்டால், அவை வழக்கத்தைவிடக் கூடுதலாக விளையாடும். சாப்பாட்டுக்குப் பசிப்பதுபோல் விளையாட்டுக்கும் பசி உண்டு. பகல் முழுக்கக் கட்டிப்போட்ட குட்டி சாயங்காலம் அவிழ்த்துவிட்டதும் ஏன் தெருவையே சுற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

உந்தும் பகுதி இளமையிலேயே வேலை செய்கிறது. 'போதும், நில்' என்று அடக்க வேண்டிய முன்மூளை மெதுவாகத்தான் முதிர்கிறது. மிதிக்கத் தெரிந்துவிட்டது, பிரேக் பிடிக்க இன்னும் வரவில்லை என்கிற சைக்கிள் பழகும் பிள்ளையின் நிலைதான் நாலு மாதக் குட்டிக்கும். பாதி ஓட்டத்தில் "உட்காரு" என்று கத்தினால் அது கேட்காமல் போவதைத் திமிர் என்று நினைத்து அடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கேட்டு அடங்குவதற்கான மூளைப்பகுதியே அதற்கு இன்னும் முழுதாக வளரவில்லை.

இவ்வளவு சக்தியை வீணடிக்கும் பழக்கம் பரிணாமத்தில் ஏன் தங்கியது? 2001-இல் மாரெக் ஷ்பிங்கா, ரூத் நியூபெரி, பெக்காஃப் மூவரும் முன்வைத்த கருதுகோள் எனக்கு மிகவும் பிடித்தது. விளையாட்டு என்பது எதிர்பாராததுக்கான பயிற்சி என்கிறார்கள் அவர்கள். ஓடும் குட்டி நேராக ஓடுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? வேண்டுமென்றே சறுக்கும் இடத்தில் திரும்பும், தாண்ட முடியாததைத் தாண்டும், தானே தன்னை நிலைகுலைத்துக்கொள்ளும். விழுந்து எழுந்து உடம்பை மறுபடி நிலைக்குக் கொண்டுவரும் அந்த நொடிதான் பயிற்சி. எதிர்பாராமல் விழும்போது பதறாமல் இருக்க மனசும் அதோடு சேர்ந்து பழகுகிறது. பிறகு ஒரு நாள் மாடு முட்ட வரும்போதோ வண்டி குறுக்கே வரும்போதோ இது கைகொடுக்கும். நம் கடற்கரை மணல் இந்தப் பயிற்சிக்கு ஏற்ற இடம். அலை நனைத்த இறுகிய மணல், அதற்கு மேலே கால் புதையும் பொடிமணல், சங்கும் சிப்பியும் குவிந்த விளிம்பு என்று பத்தடிக்குள் தரை மூன்று விதமாக மாறும்.

பொடிமணலில் ஓடுவது லேசான வேலை இல்லை. மனிதர்களை வைத்து 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, கெட்டித் தரையைவிட மணலில் ஓட சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று கண்டது. நாம் கொடுக்கும் உதையில் ஒரு பகுதியை மணல் நகர்ந்தே தின்றுவிடுகிறது. நாய்க்கும் அதே மணல்தான். வீட்டு முற்றத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓடும் குட்டி கரையில் சீக்கிரமே படுத்துவிடுவதில் வியப்பில்லை.

ஓட்டத்தின் அமைப்பும் அழகானது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான நம் வேட்டைநாய்களும் அயல்நாட்டு கிரேஹவுண்டும் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு தடவை நாலு காலும் தரையை விட்டு எழும்பும்: உடம்பு சுருங்கி கால்கள் வயிற்றுக்கடியில் கூடும்போது ஒரு தடவை, நீண்டு விரியும்போது ஒரு தடவை. முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர்வதால் அடி நீளமாகிறது. வளைவில் ஓடும் மனிதர் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பந்தய கிரேஹவுண்டுகள் குறைப்பதில்லை என்று ஜிம் அஷர்வுட், ஆலன் வில்சன் இருவரும் 2005-இல் அளந்து காட்டினார்கள். உந்தும் விசை இடுப்பிலும் முதுகிலும் பிறக்கிறது, கால்கள் எடையைத் தாங்குவதோடு நிற்கின்றன என்பது அவர்கள் விளக்கம். பனைமரத்தைக் குட்டி எப்படி அத்தனை நெருக்கமாகச் சுற்றிவருகிறது என்பதற்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது.

ஏன் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகிறது? இந்த வேகத்துக்குத் தசை, கையிருப்பில் இருக்கும் உடனடி எரிபொருளைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். அடுத்து ஆக்சிஜன் போதாத நிலையிலேயே சர்க்கரையை உடைக்கும், அதுவும் நீடிக்காது. இதைவிட முக்கியமானது சூடு. தசை செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாய், மூக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும்.

நம் கரையின் பிரச்சினை இங்கேதான். மண்டபத்திலும் பாம்பனிலும் இரண்டு பக்கமும் கடல். வெப்பமானி காட்டும் எண் பயமுறுத்தாமல் இருக்கலாம், ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஈரக்காற்றில் ஆவியாதல் மந்தமாகும், குட்டி எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஓட்டம் நின்று வெகுநேரம் ஆகியும் இரைப்பு அடங்காமல், ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூலாக இழுத்து, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கிப் போய் சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். குளிர்வித்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் போங்கள். காற்றே இல்லாமல் புழுங்கும் நாட்களில் குட்டியை மத்தியானத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். மணலில் உங்கள் புறங்கையைச் சில நொடி வைத்துப் பொறுக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் அது நெருப்புத்தான்.

குளிப்பாட்டியதும் வரும் ஓட்டத்துக்கு முன்னால் ஒரு உதறல் வரும். 2012-இல் டேவிட் ஹூவும் அவரது குழுவினரும் பல பாலூட்டிகளின் உதறலைப் படமெடுத்து அளந்தார்கள். சுண்டெலி நொடிக்கு சுமார் 30 தடவை உதறுகிறது, லாப்ரடார் நாலைந்து தடவை. உடம்பு சிறுத்தால் நீரைத் தெறிக்கவிட அதிக வேகம் தேவை. 2024-இல் ஹார்வர்டில் டேவிட் கின்டியின் ஆய்வகம், ரோமக்காலைச் சுற்றியிருக்கும் மெல்லிய தொடுநரம்பு வகை ஒன்றுதான் இந்த உதறலைத் தூண்டுகிறது என்று சுண்டெலிகளில் கண்டுபிடித்தது. பிடித்து நிறுத்தி வைத்திருந்த பதற்றமும் ஈர ரோமத்தின் கூச்சமும் சேர்ந்து குட்டி விடுபட்டதும் பாய்கிறது. சாயங்கால ஓட்டத்துக்குக் காரணம் எளிது: வெயிலில் தூங்கிய உடம்பு, குளிர்ந்த காற்று, வேலை முடிந்து வந்த வீட்டார்.

துரத்தாதீர்கள். துரத்தினால் குட்டிக்கு அது பந்தயம், ஓட்டம் இரண்டு மடங்காகும். எதிர்த்திசையில் திரும்பி நீங்கள் நாலடி ஓடினால் அது உங்கள் பின்னால் வரும். இல்லாவிட்டால் உட்கார்ந்துவிடுங்கள். வீட்டுக்குள் என்றால் வழவழப்பான டைல்ஸ் தரையில் சாக்கு விரித்து வையுங்கள், சறுக்கி இடுப்பு பிசகுவது அங்கேதான். எலும்பு நீள்வதற்காக அதன் நுனியில் இருக்கும் மென்மையான வளர்ச்சித் தட்டுகள் மூட ஒரு வயது, பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது வரைகூட ஆகும். அதுவாக ஓடி அதுவாக நிற்பதில் கவலை இல்லை. பைக்கில் கயிற்றைக் கட்டி கூடவே ஓடவிடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். தன் வாலையே மணிக்கணக்கில் சுற்றுவது, கூப்பிட்டால் காதில் விழாதது, ஓடும்போதே விழுந்து வெட்டி இழுப்பது இவையெல்லாம் விளையாட்டு இல்லை, மருத்துவர் பார்க்க வேண்டியவை.

கரைக்குக் கூட்டிப்போனால் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தி, பேதி. நிறையக் குடித்தால் உப்பு மூளையையே பாதிக்கும். கரைவலை இழுத்த இடத்தில் ஒதுக்கி எறிந்த பேத்தை மீன் கிடக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, உப்பிக் காய்ந்து கிடந்தாலும் குட்டியின் வாய் அதில் படக் கூடாது. தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் எங்கும் உண்டு. எனவே அவிழ்த்துவிடும் முன் அந்த இடத்தை ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் ஆழமில்லாத நீரில் பூநாரைகளும் தூரதேசத்து உள்ளான்களும் மேய்கின்றன. திரும்பிப் பறக்க வேண்டிய கொழுப்பை அவை இங்கேதான் சேர்க்க வேண்டும், குட்டி ஒரு தடவை பாய்ந்து கூட்டத்தையே எழுப்பிவிட்டால் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமை இரவில் ஏறிவந்து முட்டையிடும் மணலும் இதுதான், முட்டையின் வாசனை பிடித்த நாய் தோண்டாமல் விடாது. அந்த மாதங்களில் எங்கள் குட்டி ஓடுவது வீட்டுக்குப் பின்னால் வேலியடைத்த பனங்காட்டில்தான். கரைக்குப் போனால் கழுத்தில் கயிறு இருக்கும்.