சனிக்கிழமை பத்து மணிக்கு வருவீங்களா?

மதுரைப் பக்கம் நான் அடிக்கடி போய்வரும் குழந்தைகள் இல்லம் ஒன்று உண்டு. போன ஜூலையில் ஒரே ஞாயிற்றுக்கிழமை அங்கே மூன்று பிறந்தநாள் விழா. காலையில் ஒரு குடும்பம் இட்லியும் கேசரியும் கொண்டுவந்தது. மதியம் ஒரு கம்பெனிக்காரர்கள் பிரியாணி போட்டார்கள். சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் கேக்கோடு வந்து இறங்கினார்கள். மூன்று தடவையும் குழந்தைகள் வரிசையில் நின்று கைதட்டிப் பாடினார்கள். ராத்திரி இரண்டு பேருக்கு வாந்தி.

மறுநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே ஐந்து ஜியாமெட்ரி பாக்ஸ், ஒன்றுகூடப் பிரிக்காமல். கிழியாத ஜட்டி இரண்டுதான் இருந்தது. "இதைக் கொடுத்துட்டு ஜட்டி வாங்க முடியுமாக்கா?" என்று கேட்டான்.

வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவியாக நானும் இதே மாதிரி ஓர் இல்லத்துக்குப் போய், ஒரு நாள் விளையாடிவிட்டு, அழுதுகொண்டே பஸ் ஏறியவள்தான். திரும்பப் போகவே இல்லை. அது தப்பு என்று, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணின் களப்பணியில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. 1996இல் மும்பையில் தொடங்கிய அந்த உதவி எண் இன்று அரசின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது. நான் இருந்தபோது தொண்டு நிறுவனங்கள் நடத்தின. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி தனியாக நிற்கும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, சாப்பிட வைத்து, அந்தப் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவோம். அந்தப் பிள்ளைகளில் பலர் கேட்டது ஒரே கேள்வி: "நாளைக்கும் நீங்கதான் வருவீங்களா?"

இப்போது இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் முக்கிய வேலை. முதல் வகுப்பிலேயே இந்தக் கேள்வியைச் சொல்லிவிடுவேன். என்.எஸ்.எஸ்.ஸில் வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை உண்டு. அதில் 80 மணி நேரத்தை ஒரே பிள்ளைக்குக் கொடுங்கள் என்கிறேன். சனிக்கிழமை பத்து மணி, இரண்டு மணி நேரம், நாற்பது வாரம். கணக்கு சொல்லிக் கொடுங்கள், கேரம் ஆடுங்கள், சும்மா பேசிக்கொண்டிருந்தாலும் சரி. வர முடியாவிட்டால் முந்தின நாளே அந்தப் பிள்ளையிடம் போனில் நீங்களே சொல்ல வேண்டும்.

இந்த விதி வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு தன்னார்வலர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை. அந்தப் பையன் தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பதரையிலிருந்து மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கேட் பக்கத்துத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறான். வார்டன் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் நோட்டை எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டான். மேடையில் நன்றாகப் பேசுகிறவரை அணித் தலைவராக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். வருகை நோட்டைப் பார்த்துத்தான் இப்போது தலைவரைத் தேர்ந்தெடுக்கிறேன்.

அப்புறம் போட்டோ. இது பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74இன்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறோம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அத்தை வீட்டில் இருப்பதாகத்தான் பள்ளியில் சொல்லிவைத்திருந்தாள். இல்லத்தின் பேனர் பின்னால் தெரிய அவள் கேக் வாங்கும் படம் யாரோ ஒருவர் ஸ்டேட்டஸில் வந்தது. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. அவள் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றிவைத்த விஷயம் அது!

பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். இல்லங்களில் வயதுவாரியாக, பிள்ளைகளே உறுப்பினராக இருந்து பேசும் குழந்தைகள் குழு இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பல இடங்களில் அது ரிஜிஸ்டரில் மட்டும் இருக்கும். நாங்கள் ஓர் இல்லத்தில் உட்கார்ந்து அதை ஒழுங்காக நடத்திப் பார்த்தோம். முதல் இரண்டு கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதில் பதினொரு வயதுப் பெண் எழுந்து, "வர்றவங்க எங்களைப் பாட்டுப் பாடச் சொல்லக் கூடாது" என்றாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. விளையாட்டு நேரத்தில் விழா வேண்டாம். எங்க அம்மா எங்கே என்று கேட்காதீங்க. நாப்கின் வாங்கித் தாங்க. அந்தப் பட்டியல் இப்போது அலுவலக அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது, அவள் கையெழுத்திலேயே.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் கொண்டுவந்து விட்டிருக்கிறது. சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் பார்க்கிறது. வீட்டிலேயே வைத்து வளர்க்க, குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கணவரை இழந்து தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண் உங்கள் தெருவில் இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வருமான வரம்பு பார்ப்பார்கள், சான்றிதழ்கள் கேட்பார்கள், இரண்டு மூன்று நடை ஆகும். மனுவை எழுதிக் கொடுத்துக் கூடவே போய்வர ஓர் இளைஞர் இருந்தால், ஒரு பிள்ளை இல்லத்துக்கு வராமலே போகலாம்.

போன மாதம் ஒரு கல்லூரியிலிருந்து போன். ஐம்பது பேர் வருகிறோம், கேக் எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டார்கள். கதவில் இருக்கும் பட்டியலைப் படித்துக் காட்டினேன். அடுத்த சனிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். இதுவரை ஆறு வாரம் ஆகிறது, நான்கு பேரும் வந்துகொண்டிருக்கிறார்கள்.