பாதிக் கண் தூக்கம்

பினாங்கு வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா கோலாலம்பூருக்கு எங்களோடு இருக்க வந்தார். செந்தூலில் பதினான்காவது மாடி. முதல் ராத்திரி லிப்ட் கதவு திறக்கிற சத்தத்துக்கெல்லாம் விழித்துக்கொண்டார். "பாதிக் கண்ணுதாம்பா மூடுச்சு" என்றார் காலையில்.

அவர் சொன்னது ஏறக்குறைய உண்மை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழகாத இடத்தில் முதல் ராத்திரி தூங்குகிறவர்களின் மூளையை அளந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். மூளையின் இடது பாதியில் ஒரு பகுதி, வலது பாதியைப் போல ஆழமாகத் தூங்கவில்லை. வலது காதில் கேட்கும் ஒலி பெரும்பாலும் இடது மூளைக்குத்தான் போகும். அந்தக் காதில் வித்தியாசமான ஒலி கேட்டதும் அவர்கள் சட்டென்று விழித்தார்கள். சில நாள் கழித்து அதே இடத்தில் படுத்தபோது அந்த வேறுபாடு இல்லை. தெரியாத இடத்தில் ஒரு பாதி காவல் காக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். டால்பின்கள் தினமும் இப்படிப் பாதி மூளையோடுதான் தூங்குகின்றன.

சரி, தூக்கம் வந்துவிட்டது. ஆனால் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, அறையை விட்டு வந்ததும் இடது பக்கம் திரும்பிச் சுவரில் முட்டிக்கொண்டார். பினாங்கு வீட்டில் அடுப்படி இடது பக்கம். இங்கே வலது பக்கம். பகலில் ஒருநாளும் தவறியதில்லை.

எலி ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்கள் அதன் மூளையில் இருப்பதை 1971இல் ஜான் ஓகீஃப் கண்டறிந்தார். 2014இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். எலியைப் புது அறையில் விட்டால் இந்தச் செல்கள் சில நிமிடங்களிலேயே புது வரைபடம் போட ஆரம்பித்துவிடும். ஆனால் கால்களின் பழக்கத்தைச் சேர்த்துவைப்பது மூளையின் அடியிலுள்ள வேறு பகுதி. நாற்பது வருடம் தினமும் நடந்த நடையை அது லேசில் விடாது. தூக்கக் கலக்கத்தில் அதன் கைதான் ஓங்குகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு, மூக்கின் வேலை. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்னும் நடுநிலையம் வழியாகப் போகின்றன. வாசனை அதைத் தாண்டிக்கொண்டு, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேராகவே போய்விடுகிறது. பக்கத்திலேயே நினைவைக் கவனிக்கும் பகுதி. அதனால்தான் முதல் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் அம்மாவின் முகம் தெளிந்தது. நாங்கள் அதுவரை சாம்பிராணியே வாங்கியதில்லை.

ஆனால் ஓயாமல் வரும் வாசனையை மூளை விரைவில் ஒதுக்கிவிடும். வந்தவர்களுக்குத்தான் நம் வீட்டின் வாடை தெரியும், நமக்குத் தெரியாது.

ஏழு மாதம் கழித்துத் தைப்பூசத்துக்குப் பினாங்கு போனோம். பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்த அம்மா நின்றுவிட்டார். பழைய மரம், மசாலாத்தூள், சாம்பிராணி.

"என்னப்பா இது, நம்ம வீடு இப்படியா மணக்கும்?" என்றார்.